சட்டை நனைந்தால் போதுமா? உடற்பயிற்சியில் வியர்வை சொல்வதும் சொல்லாததும்

எங்கள் பகுதிப் பூங்காவில் காலை ஐந்தரை மணிக்கு நடக்க வருகிறவர்களில் சிலருக்கு நான் எளிய உடற்பயிற்சிகள் சொல்லிக்கொடுக்கிறேன். சென்னையில் பங்குனி பிறந்துவிட்டால் அங்கே அதிகம் காதில் விழுவது வியர்வையைப் பற்றிய பேச்சுதான். "அண்ணே, அரை மணி நேரத்துல சட்டையைப் பிழியலாம் போல வேர்த்துடுச்சு. இன்னைக்கு நல்ல ஒர்க்கவுட்!" என்று மகிழ்வார் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர். அவருக்குப் பத்தடி தள்ளி, அறுபதை நெருங்கும் ஓர் அக்கா, "தம்பி, நானும் தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எனக்கு வேர்க்கவே மாட்டேங்குதுப்பா. நடக்கிறதெல்லாம் வீணாப் போகுதோ?" என்று கவலைப்படுவார்.

இருவரும் ஒரே தராசில்தான் நிறுக்கிறார்கள். அந்தத் தராசு நம் மொழியிலேயே இருக்கிறது. பாடுபட்டவரை "நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைத்தவர்" என்கிறோம். "வியர்வை உலருமுன் கூலியைக் கொடு" என்கிறோம். வியர்வையை உழைப்பின் மறுபெயராகவே பேசிப் பழகிவிட்டோம். வயலுக்கும் களத்துமேட்டுக்கும் அது பொருந்தும். உடற்பயிற்சிக்கு வரும்போது இந்தப் பழக்கம் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. உடம்பு வியர்வையைச் சுரப்பது உழைப்பைக் கணக்கிட அல்ல, சூட்டை வெளியேற்ற. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால், வியர்வை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தானாக விளங்கத் தொடங்கும்.

மண்பானையும் நம் தோலும்

கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கொஞ்சம் நீர் கசிந்து வெளிப்புறம் ஈரமாகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது பானையிலிருந்தும் உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோல் செய்வதும் இதே வேலைதான். பானை எந்நேரமும் கசியும், தோல் மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

உத்தரவு போடும் இடத்துக்கு ஹைப்போதலாமஸ் என்று பெயர். மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறிய பகுதி அது. ரத்தத்தின் சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சூடு கொஞ்சம் ஏறினாலும் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டும், வியர்வைச் சுரப்பிகளுக்கு நரம்பு வழியாகச் செய்தி அனுப்பும். நம் தோலில் இத்தகைய சுரப்பிகள் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கின்றன. அவற்றிலிருந்து வருவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். அக்குளிலும் தொடையிடுக்கிலும் இன்னொரு வகைச் சுரப்பி உண்டு. பருவ வயதில்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அது சுரக்கும் கெட்டியான நீரைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைப்பதால்தான் வாடை வருகிறது. வியர்வை வாடைக்கும் உடல்தகுதிக்கும் தொடர்பு இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் ஏறத்தாழ 300 கலோரி செலவாகும். தசைகள் அதில் கால் பங்கைத்தான் அசைவாக மாற்ற முடியும். மிச்சம் முக்கால் பங்காவது வெப்பமாகிவிடும். அதாவது 225 கலோரி. இந்த வெப்பம் வெளியே போக வழியே இல்லையென்றால், அந்த ஒரு மணி நேரத்தில் உடல் சூடு ஏறத்தாழ 4 டிகிரி கூடி 41 டிகிரியைத் தொடும். அது உயிருக்கே ஆபத்தான சூடு. சாதாரண காலை நடைக்கே இப்படி. ஒரு மில்லி வியர்வை தோலின் மேல் ஆவியானால் 0.58 கலோரி வெப்பம் போய்விடும். 225 கலோரியையும் வியர்வை மட்டுமே வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டாலும் 400 மில்லி போதும். இரண்டு டம்ளர் தண்ணீர்.

தோலின் மேல் ஆவியானால் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழும் துளி உடம்பைக் குளிர்விப்பதில்லை. துண்டால் துடைத்தெடுத்த வியர்வையும் அப்படியே. சட்டையில் ஊறி நிற்பது பெரும்பாலும் தன் வேலையை முடிக்காத வியர்வை. ஆக, பிழியும் அளவுக்கு நனைந்த சட்டை முதலில் சொல்வது அன்றைய காற்றைப் பற்றித்தான்.

புழுக்கம் என்னும் எதிரி

வெக்கை வேறு, புழுக்கம் வேறு என்பதைத் தமிழில் தனித்தனிச் சொல் வைத்தே பிரித்திருக்கிறார்கள். மதுரையின் சித்திரை மதியம் வெக்கை. சென்னையின் ஆடி மாதத்துக் காற்றில்லாத இரவு புழுக்கம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தோலின் ஈரம் ஆவியாக இடமில்லை. அதே மண்பானை, மழைக்கு முந்தைய புழுக்கமான நாளில் தண்ணீரைச் சரியாகக் குளிர்விக்காது.

இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1770களில் லண்டனில் தம் நண்பர்களுடன் அடுப்பால் சூடாக்கிய அறைக்குள் நுழைந்து சோதனை செய்தார். காற்று உலர்ந்திருந்த அந்த அறையின் சூடு ஒரு கட்டத்தில் 127 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட அதிகம். அங்கே வைத்த முட்டை வெந்து கெட்டியானது, இறைச்சித் துண்டு வெந்து காய்ந்தது. பிளாக்டன் சில நிமிடங்கள் உள்ளே இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தார். அவருடைய உடல் சூடு அதிகம் மாறவில்லை. உலர்ந்த காற்றில் வியர்வை ஆவியாகி அவரைக் காப்பாற்றியது.

இதற்கு நேரெதிர், 2019 செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பமானி 32 டிகிரியை ஒட்டித்தான் காட்டியது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். உலகின் தேர்ந்த ஓட்டக்காரர்கள் 68 பேர் ஓடத் தொடங்கினார்கள், 28 பேரால் முடிக்க முடியவில்லை. 127 டிகிரியில் பிழைத்த உடம்பு 32 டிகிரியில் திணறியதற்குக் காரணம் புழுக்கம்.

எனவே அந்த இளைஞரிடம் நான் சொன்னது இது: "தம்பி, இதே நடையை மார்கழியில ஊட்டியில நடந்து பாருங்க. சட்டை காஞ்சே இருக்கும். செலவான கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான்." ஏசி போட்ட ஜிம்மில் வேர்க்கவில்லையே என்று வருந்துபவர்களுக்கும் இதே பதில். மூடிய அறையில் டிரெட்மில்லில் ஓடுபவருக்குச் சாலையில் ஓடுபவரைவிட அதிகம் வேர்ப்பதும் இதனால்தான். சாலையில் ஓடும்போது நம் வேகமே நமக்குக் காற்று வீசுகிறது. டிரெட்மில்லில் ஆள் ஓடினாலும் நிற்கும் இடம் மாறுவதில்லை. ஒரு மின்விசிறியை எதிரே வைத்தால் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு வேறுபாடு

உடலின் பருமன் முதல் காரணம். எடை கூடக் கூட, அதே தூரத்தைக் கடக்க அதிக ஆற்றல் வேண்டும், அதிக வெப்பம் உண்டாகும். பெண்களுக்குச் சராசரியாகக் குறைவாக வேர்ப்பதற்குப் பெரும் பங்கு காரணம் உடல் அளவுதான். வயதும் ஒரு காரணம். முதுமையில் ஒவ்வொரு சுரப்பியும் சுரக்கும் அளவு குறைகிறது. சிறுவர்களும் பெரியவர்களைவிடக் குறைவாகவே வியர்ப்பார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது குழந்தைப் பருவத்தின் பங்கு. யாஸ் குனோ என்ற ஜப்பானிய உடலியல் அறிஞர் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் இதை ஆராய்ந்தார். வியர்வைச் சுரப்பிகள் எல்லோருக்கும் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. ஆனால் அவற்றில் எத்தனை உண்மையில் வேலை செய்யும் என்பது, பிறந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் எந்தத் தட்பவெப்பத்தில் வளர்ந்தோம் என்பதைப் பொறுத்து அமைவதை அவர் கண்டார். வெப்ப நாட்டில் தவழ்ந்த குழந்தைக்குச் செயல்படும் சுரப்பிகள் அதிகம். பக்கத்தில் நடப்பவரோடு நம் வியர்வையை ஒப்பிடுவதில் ஏன் பயனில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். அவர் தொட்டிலில் கிடந்த ஊர்கூட அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

நேர்காணலுக்கு முன் உள்ளங்கை வேர்ப்பது வேறு விஷயம். அது மனப்பதற்றத்துக்கு நரம்புகள் காட்டும் எதிர்வினை, சூட்டைத் தணிக்கும் வேலை அல்ல.

பயிற்சி பெற்ற உடம்பு எப்படி வியர்க்கும்

"ஃபிட்டா இருக்கிறவங்களுக்கு வேர்க்காது" என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை ஏறத்தாழத் தலைகீழ்.

தொடர்ந்து பயிற்சி செய்பவருக்கு வியர்வை சீக்கிரம் தொடங்கும். உடல் சூடு கொஞ்சம் ஏறியதுமே, இன்னும் ஏறட்டும் என்று காத்திராமல், சுரப்பிகள் வேலையைத் தொடங்கிவிடும். சூடு கூடக் கூட, பழகாத உடம்பைவிட அதிகமாகவும் சுரக்கும். அனுபவமுள்ள சமையல்காரர் பால் பொங்கும் முன்பே தீயைத் தணிப்பது போல. பழகாத உடம்பில் சூடு வெகுவாக ஏறிய பிறகே வியர்வை தொடங்கும், அதற்குள் களைத்துவிடும்.

அல்பெர்ட்டோ சலசார் என்ற அமெரிக்க ஓட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 முதல் 1982 வரை நியூயார்க் மாரத்தானை மூன்று முறை தொடர்ந்து வென்றவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய வியர்வையைக் கணக்கிட்டார்கள். மணிக்கு 3.7 லிட்டர். சாதாரணமாக உடற்பயிற்சியில் அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர்தான் போகும். பதிவானவற்றிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அது, வந்ததோ உச்ச உடல்தகுதி கொண்ட ஒருவரிடமிருந்து. ஆனால் இந்த வியர்வை அவரைப் பதக்க மேடையில் ஏற்றவில்லை. 15ஆம் இடத்தில்தான் முடித்தார். குடித்த தண்ணீர் இழந்ததற்கு ஈடாகவில்லை.

குழப்பம் வரக்கூடிய இடம் இதுதான். பயிற்சியால் வியர்வை கூடும். அதே பயிற்சியால் ஒருவருக்கு ஐந்தாறு கிலோ எடை குறைந்தால், அதே பூங்காவை அதே வேகத்தில் சுற்றும்போது வெப்பம் குறையும், வியர்வையும் குறையும். இரண்டுமே முன்னேற்றம்தான், ஆனால் எதிரெதிர்த் திசையில். இதனால்தான் வியர்வையின் அளவை வைத்து உடல்தகுதிக்கு மதிப்பெண் போட முடியாது என்கிறேன்.

அளவைவிட, வியர்வையின் போக்கு நம்பகமான செய்தி தருகிறது. வெயிலுக்கு உடம்பு பழகுவதைக் கவனித்தால் இது புரியும். தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் வெப்பமும் ஈரமும் கடுமையாக இருக்கும். புதிதாக வந்த தொழிலாளர்கள் பலர் அங்கே வெப்பத்தாக்கில் இறந்தார்கள். அதன் பிறகு, அவர்களை நேராக ஆழத்துக்கு அனுப்பாமல், சூடும் ஈரமும் ஏற்றிய கூடத்தில் சில நாள்கள் படி ஏறி இறங்க வைத்துப் பழக்கும் முறை வந்தது. அந்த மரணங்களும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும் மருத்துவத்துக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன. வெப்பத்தில் உழைத்த மனிதர்கள் உயிரைக் கொடுத்துத் தந்த அறிவு இது.

அந்தப் பழக்கத்தில் உடம்புக்குள் நடப்பது இதுதான். முதல் சில நாள்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயம் முன்னளவு வேகமாகத் துடிக்க வேண்டியதில்லை. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது. சுரப்பியின் குழாய், வெளியே போகும் உப்பைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. முதல் வாரம் கண்ணில் வழிந்தால் எரிந்த வியர்வை, போகப்போக நீர்த்துவிடும். கறுப்புச் சட்டையில் வெள்ளையாகப் பூத்த உப்புக் கோடுகளும் மங்கும். இது முழுமையடைய 7 முதல் 14 நாள்கள் வேண்டும். விட்டுவிட்டால் சில வாரங்களில் பெரும்பகுதி போய்விடும். ஏசி அறையிலேயே மாதக்கணக்கில் இருந்துவிட்டு, கத்திரி வெயிலில் திடீரென்று கிரிக்கெட் ஆடப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முதல் வாரம் பாதி நேரம், பாதி வேகம்.

உடல்தகுதி உண்மையில் கூடுகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு எளிய வழிகள் இருக்கின்றன. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாடித் துடிப்பை எண்ணுங்கள். மாதங்கள் போகப்போக அது குறைந்தால் நல்லது. நடையை நிறுத்தியதும் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 150 நிமிடத்தைக் காய்ந்த சட்டையோடு முடித்தாலும் முழுப்பலன் உண்டு.

வியர்வையில் கொழுப்பு கரையாது

ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் வயிற்றில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டும், மழைக்கோட்டு போன்ற உடையை மாட்டிக்கொண்டும் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அந்த உடை ஆவியாவதைத் தடுக்கிறது. தன்னைச் சுற்றியே ஒரு புழுக்கத்தை உண்டாக்கிக்கொள்வது அது. எடைபார்க்கும் கருவியில் ஒரு கிலோ குறைந்திருக்கும். அந்த ஒரு கிலோ ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வியர்வையோடு கொழுப்பு வருவதில்லை. கரையும் கொழுப்பின் பெரும்பகுதி கரியமில வாயுவாகி மூச்சு வழியாகத்தான் வெளியேறுகிறது.

1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மாதத்துக்குச் சற்று மேலான கால அளவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். போட்டிக்கு எடையைக் குறைக்க, சூடான அறையில், வியர்வை வெளியேறாத உடையோடு கடும் பயிற்சி செய்தவர்கள். மூவரும் வலுவான இளைஞர்கள். அதன்பின் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இத்தகைய உடைகளும் நீராவி அறைகளும் தடைசெய்யப்பட்டன. நம் ஊரிலோ அதே உடை "வயிறு குறைய" என்ற விளம்பரத்தோடு எளிதாகக் கிடைக்கிறது. வாங்காதீர்கள்.

வியர்த்தால் நச்சுகள் வெளியேறும் என்ற பேச்சுக்கும் பெரிய அடிப்படை இல்லை. அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. வியர்வையில் 99 விழுக்காடு தண்ணீர். அளவுக்கு மீறி வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான்.

எவ்வளவு குடிப்பது

உங்கள் வியர்வையை நீங்களே அளக்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்த தண்ணீரைக் கூட்டினால் வருவதுதான் நீங்கள் இழந்த வியர்வை. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். மார்கழியில் ஒரு நாள், சித்திரையில் ஒரு நாள் செய்து பார்த்தால் உங்கள் உடம்பின் கணக்கு தெரிந்துவிடும். எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 70 கிலோ ஆளுக்கு அது 1.4 கிலோ.

அரை மணி, முக்கால் மணி நடைக்குத் தாகத்துக்குத் தண்ணீர் போதும். விளம்பரப் பானங்கள் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஆடினாலோ ஓடினாலோ உப்பையும் கவனிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர், உப்பிட்ட நீராகாரம், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. இளநீர் நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் நாம் முக்கியமாக இழக்கும் சோடியம் குறைவு. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பு, இளநீர் இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே கூட்ட வேண்டும்.

பயந்துபோய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் இது அதிகம். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும்.

வியர்வை எச்சரிக்கும்போது

1984இல் சலசார் ஓடிய அதே ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்கள் மாரத்தான் நடந்தது. சுவிட்சர்லாந்துக்காக ஓடிய 39 வயது கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசித் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிட்டுவிட்டார். அரங்குக்குள் வரும்போது உடல் ஒரு பக்கம் சாய்ந்து, கால் இழுபட்டது. கடைசி 400 மீட்டருக்கு 5 நிமிடம் 44 விநாடி ஆனது. மருத்துவர்கள் பக்கத்திலேயே நடந்தார்கள். யாராவது தொட்டால் அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். அவருக்கு இன்னும் வேர்க்கிறது என்று கண்டதால் தொடர விட்டார்கள். 37ஆவதாக முடித்து விழுந்தார். நல்லவேளை, விரைவில் தேறிவிட்டார்.

இன்றைய மருத்துவம் அந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பச் சொல்வதில்லை. வெயில் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவருக்கு வெப்பத்தாக்கு வரும்போது தோல் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஓடி ஆடுகிற இளைஞருக்கு வரும்போதோ உடம்பு நனைந்தே இருக்கலாம். "வேர்க்குதே, ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடக் கூடாது. பார்க்க வேண்டியது தடுமாற்றத்தையும் குழறும் பேச்சையும் சம்பந்தமில்லாத பதிலையும்தான். அப்படியானால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிற வேண்டும், 108க்கு அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

நெஞ்சில் அழுத்தம், இடது தோளிலோ தாடையிலோ வலி, கூடவே குளிர்ந்த வியர்வை என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் குடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கும்போது, சூட்டுக்குச் சம்பந்தமில்லாமல் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, பசித்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை மடித்த பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். இரவில் தூக்கத்தில் படுக்கை நனையும்படி வேர்ப்பது, அதோடு எடையும் குறைவது, மாலைக் காய்ச்சல் இருப்பது காசநோய் போன்றவற்றின் அறிகுறியாகலாம். எப்போதும் படபடப்போடு வேர்த்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே உள்ளங்கையும் அக்குளும் மட்டும் வழிந்தோடுவது பலருக்கு உள்ள தொல்லை. ஆபத்தில்லை, சிகிச்சையும் உண்டு, வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, வேர்க்கவே இல்லை என்ற அந்த அக்கா. முதல் முறை அவர் கேட்டபோது, "காலையில காத்து நல்லா வீசுதுக்கா, மெதுவா நடக்கிறீங்க, அதனாலதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மார்கழியில் அது சரியான பதிலாக இருந்திருக்கும். வைகாசிப் புழுக்கத்தில் எல்லோரும் நனைந்து நிற்கையில் அவர் கை மட்டும் காய்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. "சுகர் இருக்காக்கா?" என்று கேட்டேன். பதினைந்து வருஷமாக இருக்கிறதாம். "கால் எப்பவாவது வேர்க்குமா?" "இல்லப்பா, காலெல்லாம் வறண்டு வெடிச்சுக் கிடக்கு. ஆனா சாப்பிட உக்காந்தா முகமும் கழுத்தும் கொட்டும்." நீண்டநாள் நீரிழிவு, வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புகளையும் பாதிக்கும். பாதம் முதலில் வறளும், உடம்பு அதற்கு ஈடாக மேல்பகுதியில் வியர்க்கும், சிலருக்குச் சாப்பிடும்போதே முகம் வேர்க்கும். அந்த வாரமே மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில் சில இடங்களில் அவருக்கு உணர்ச்சி இல்லை. இப்போது மென்மையான காலணி போட்டு, தினம் இரவில் பாதத்தைப் பார்த்து, எண்ணெய் தடவிக்கொண்டு தூங்குகிறார். வெயில் ஏறும் முன் ஐந்து மணிக்கே வந்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்.